பாவு தோயும் தெருவில் ஒரு கரண்டி நீர்

குழந்தைக்கு வயிறு போனால் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது தண்ணீர். "உள்ளே விட்டால்தானே வெளியே போகும்" என்பது பெரியோர் கூறும் நியாயம். அந்த நியாயத்தினால் என் இரண்டாவது மகளை நான் இழக்க இருந்தேன். அங்கத்தினராகிய சகோதர சகோதரிகள் அறிய வேண்டுமென்றே இதனை எழுதுகிறேன்.

அவளுக்கு அப்பொழுது ஒன்பது மாதம். அன்று பாவு தோயும் நாள். வெயில் ஏறுமுன் கஞ்சி ஏற்றி, நீவி, உலர்த்தியாக வேண்டும். இரவெல்லாம் ஏழெட்டு முறை கழிந்த குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தெருவில் நின்றேன். "பல் முளைக்கிற கழிச்சல், தானே நிற்கும், தண்ணீர் காட்டாதே" என்றார் அத்தை. பத்து மணிக்கு உள்ளே வந்து பார்த்தபொழுது கண்கள் குழிந்து கிடந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லவே இறங்கிற்று. பாவுக்கு ஒரு பானை கஞ்சி காய்ச்சிய வீட்டில், குழந்தையின் நாவுக்கு ஒரு கரண்டி நீர் இல்லை!

சுகாதார நிலையத்தில் செவிலியார் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக என்னையே ஊட்டச் செய்தார். ஊசி வேண்டாமா என்று கேட்டேன். "குடிக்க முடிகிற குழந்தைக்கு இதுவே போதும், அம்மா" என்றார். மாலைக்குள் குழந்தை சிறுநீர் கழித்தது.

இதன் சூட்சுமம் எளியது. கழிச்சலில் குடல் வெறும் உப்பை எளிதில் ஏற்பதில்லை. குளுக்கோஸ் சேரும்பொழுது உப்பும் நீரும் உடன் உள்ளே செல்லுகின்றன. 1971-ல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் பீப்பாய்களில் இக்கரைசலைக் கலந்து, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. புகட்டியவர்கள் வைத்தியர்களல்லர், தாய் தந்தையரே என்பதை நினைக்கும்தோறும் எனக்குத் தைரியம் பிறக்கிறது.

அன்று முதல் பாவு தோயும் காலைகளில், தெருவிலேயே இதைச் சொல்லி வருகிறேன். பெண்களெல்லாம் கூடுமிடம் வேறேது? பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பது தவறு. இருபத்துநான்கு மணி நேரத்திற்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு கழிச்சலுக்கும் பின் 50 முதல் 100 மில்லிலிட்டர் கொடுக்கலாம். பொட்டலம் கிட்டாத வேளையில் ஒரு லிட்டர் நீரில் ஆறு சமனான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபின்னும் பதினான்கு நாள் முடியக் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ, தறியை விட்டிறங்கி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுக.

கடையில் அழகிய பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல. மிகுந்த சர்க்கரை கழிச்சலைக் கூட்டவே செய்யும். அத்தகைய பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் இருத்தலாகாதென 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

அத்தை இப்பொழுது மாறிவிட்டார். சென்ற மாதம் கோடி வீட்டுக் குழந்தைக்கு வயிறு போனபொழுது எனக்கு முன்பே பொட்டலத்துடன் போய்விட்டார். நான் சென்று பார்த்தேன். ஒரு டம்ளர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்திருந்தார். அதைக் கொட்டிவிட்டு லிட்டர் அளந்து புதிதாகக் கலந்தேன். நாலு பேர் முன்னிலையில் கொட்டியது தவறென்று இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், சங்கக் கடையில் லிட்டர் குவளை என்ன விலை என்று கேட்டார்.