தட்டுக்கு வரும் வழி – 11: உறைய வைத்த எண்ணெய்

பேக்கரியில் வாங்கும் பஃப்ஸின் அடுக்குகளுக்கு நடுவே எந்தக் கொழுப்பு இருக்கிறது என்பது அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. பால் திரிந்தால் மூக்கு சொல்லிவிடும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். பாதி ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெயில் இப்படி எந்த அடையாளமும் இல்லை. வாடை கிடையாது, ருசியில் குறை கிடையாது, பலகாரம் மொறுமொறுப்பாகவே இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகாது. சென்ற வாரம் பாமாயில் நம் சமையலறைக்குள் வந்த பாதையைப் பார்த்தோம். அதற்கும் முன்பே வந்துவிட்ட வனஸ்பதியை, நம் ஊர் வழக்கில் டால்டாவை, இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். இந்தக் கொழுப்பைத் தவிர்க்கும் பொறுப்பைச் சாப்பிடுகிறவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில் பயனில்லை. அது உருவாகும் ஆலையிலும் பயன்படும் அடுப்படியிலும்தான் அதை நிறுத்த முடியும் என்பது என் வாதம். கடந்த அறுபது எழுபது ஆண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை அங்கேதான் கொண்டுபோய்விடுகின்றன.

முதலில் எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நீண்ட கார்பன் சங்கிலிகள். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். வளைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காக அமைய முடியாததால்தான் எண்ணெய் நீர்மமாக இருக்கிறது. சூடான எண்ணெயில் நிக்கல் தூளை வினையூக்கியாகப் போட்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பி, எண்ணெய் கெட்டிப்படும். ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1911-இல் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படிக் கெட்டியாக்கி 'கிரிஸ்கோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. முழுக்க ஹைட்ரஜன் ஏற்றினால் கிடைப்பது மெழுகு போன்ற கட்டி, சமையலுக்கு உதவாது. ஆகவே பாதி வழியில் நிறுத்தினார்கள். சிக்கல் அந்தப் பாதி வழியில்தான் இருக்கிறது. அங்கே எல்லா இரட்டைப் பிணைப்புகளும் நிரம்புவதில்லை. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி திரும்பிக்கொள்கிறது. வளைந்த சங்கிலி நேராகிவிடுகிறது. இதுவே டிரான்ஸ் கொழுப்பு. கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் நிறைய இருக்கும் ஓலியிக் அமிலம் சுமார் 13 டிகிரி செல்சியஸில் உருகும். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஒரே ஒரு பிணைப்பு மட்டும் திரும்பிய எலெய்டிக் அமிலம் உருகச் சுமார் 45 டிகிரி வேண்டும். நம் உடல் வெப்பம் 37 டிகிரி என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சிறிய மாற்றம் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இந்தியாவில் 1937-இல் டால்டா விற்பனைக்கு வந்தது. நெய் வாங்க முடியாத குடும்பங்களுக்கு நெய் போன்ற ஒன்று மலிவாகக் கிடைத்தது; மஞ்சள் டப்பாவும் தென்னை மரப் படமும் நாடு முழுக்கப் பரவின. எதிர்ப்பும் கூடவே வந்தது. காந்தி எதிர்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு தடை செய்யக் கோரும் குரல் நாடாளுமன்றம் வரை போனது. ஆனால் அன்றைய விவாதம் பெரும்பாலும் கலப்படத்தைப் பற்றியது. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே பெரிய குறை. அதற்கு அரசு கண்ட வழி புத்திசாலித்தனமானது. வனஸ்பதி ஒவ்வொன்றிலும் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்லெண்ணெய் கலந்த கொழுப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜா நிறம் வரும். நெய்யில் கலப்படம் இருந்தால் அந்த நிறமே சாட்சி. வனஸ்பதி எந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது: 31 முதல் 41 டிகிரிக்குள். இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதியவர்கள், அந்த டப்பாவுக்குள் டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்குப் பல பத்தாண்டுகள் ஒரு வரம்பும் எழுதவில்லை. நெய்யின் தூய்மையைக் காக்கச் சட்டம் இருந்தது. வனஸ்பதியையே சாப்பிட்டவரின் இதயத்தைக் காக்கச் சட்டம் இல்லை. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2009-இல் சந்தையிலிருந்த வனஸ்பதிகளைச் சோதித்தது. டென்மார்க் அனுமதித்த 2 சதவிகிதத்தைப் போல 5 முதல் 12 மடங்கு வரை டிரான்ஸ் கொழுப்பு இருந்தது.

அறிவியல் உலகம் விழித்த வேகமும் பெருமைப்படத் தக்கதல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் கும்மரோ, இதய நோயால் இறந்தவர்களின் ரத்தக்குழாய்த் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை 1957-இல் அறிவித்தார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவை வெண்ணெயும் விலங்குக் கொழுப்பும். தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே மார்கரினும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் இதயத்துக்கு நல்லவை என்று பரிந்துரைக்கப்பட்டன. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் உருளைக்கிழங்கு வறுக்க மாட்டுக் கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதும் அந்த அலையில்தான். அதே 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்கும் காட்டனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 59 ஆண் பெண்களுக்கு மூன்று வகைக் கொழுப்புகள் கொண்ட உணவை, வகைக்கு மூன்று வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ரத்தத்தைப் பார்த்தார்கள். நிறைவுற்ற கொழுப்பு, கெட்டது என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்தியது. டிரான்ஸ் கொழுப்பும் உயர்த்தியது. அதோடு நில்லாமல் நல்லது என்று சொல்லும் எச்.டி.எல்.லைக் குறைக்கவும் செய்தது. அதாவது, எந்தக் கொழுப்பிலிருந்து மக்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இதைக் கொடுத்தார்களோ, அதைவிட மோசமான ஒன்றையே கொடுத்திருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மாறுவது வேறு, மாரடைப்பு வருவது வேறு. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இருந்தாலும், டிரான்ஸ் கொழுப்பு அதிகம் தின்பவர்கள் மற்ற விதங்களிலும் உடம்பைக் கவனிக்காதவர்களாக இருக்கலாமே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உணவு பற்றிய பல பரபரப்புச் செய்திகள் இதைக் கேட்டவுடன் உதிர்ந்துவிடுகின்றன. ஆனால் இந்த வழக்கில் சான்று ஒரே திசையிலிருந்து வரவில்லை. சோதனைச்சாலை ஒரு பக்கம் சொல்கிறது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 1993-இல் இன்னொரு பக்கம் சொன்னது. அத்தகைய நீண்ட ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2006-இல் வெளியான கட்டுரை, அன்றாட உணவின் ஆற்றலில் 2 சதவிகிதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால் இதய நோய் அபாயம் 23 சதவிகிதம் கூடுகிறது என்றது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இந்த 2 சதவிகிதம் என்பது நாலரை கிராமுக்குள். ஒரு டீஸ்பூன் கொழுப்பு. வேறெந்தக் கொழுப்பிலும் இவ்வளவு குறைந்த அளவுக்கு இவ்வளவு பெரிய விளைவு பதிவானதில்லை.

எடுத்துவிட்டால் நோய் குறைகிறதா என்பதுதான் உரைகல். டென்மார்க் 2003-இல் சட்டம் போட்டது: எந்த உணவிலும் 100 கிராம் கொழுப்புக்கு 2 கிராமுக்கு மேல் ஆலை டிரான்ஸ் கொழுப்பு கூடாது. பிஸ்கட்டும் கேக்கும் கடைகளில் தொடர்ந்து கிடைத்தன. கொழுப்பு மட்டும் மாறியது. அந்தச் சட்டத்தால் ஆண்டுக்கு லட்சம் பேருக்குச் சுமார் 14 இதயநோய் மரணங்கள் குறைந்தன என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நியூயார்க் மாநிலத்தில் உணவகங்களில் இதைக் கட்டுப்படுத்திய மாவட்டங்களையும் கட்டுப்படுத்தாத மாவட்டங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. கட்டுப்படுத்திய இடங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 6 சதவிகிதம் குறைவு. இந்த இரண்டு இடங்களிலும் சாப்பிடுகிறவர்கள் யாரும் விரதம் இருக்கவில்லை, லேபிள் படித்துத் தேர்ச்சி பெறவில்லை. சமைக்கிற இடத்தில் கொழுப்பு மாறியது, அவ்வளவே.

பாலிலும் நெய்யிலும் கூட டிரான்ஸ் கொழுப்பு இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. ஆனால் பால் கொழுப்பில் அதன் பங்கு சில சதவிகிதம்தான். பழைய வனஸ்பதியின் அளவுக்கு அருகில்கூட வராது. டிரான்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாமாயிலைப் போட்டால் நிறைவுற்ற கொழுப்பு கூடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. கூடும், பாமாயிலைத் தாராளமாக ஊற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் எது மோசம் என்பதை 1990-ஆம் ஆண்டுச் சோதனையே காட்டிவிட்டது: நிறைவுற்ற கொழுப்பு ஒரு தவறு செய்கிறது, டிரான்ஸ் இரண்டு செய்கிறது. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பாக்கெட்டின் மீது 'ஹைட்ரஜன் ஏற்றிய' என்று பார்த்ததுமே நஞ்சு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. முழுக்க ஏற்றியதில் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாததால் டிரான்ஸ் ஏறக்குறைய இருக்காது. ஆபத்து பாதியில் நிறுத்தியதில். லேபிளில் இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பது உற்பத்தியாளர்கள் தீர்க்க வேண்டிய குறை.

'எங்கள் வீட்டில் டால்டாவே இல்லை. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான்' என்று தமிழ்நாட்டில் பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கேள்வி வீட்டு அடுப்பைப் பற்றியதல்ல. பாதுஷா, பஃப்ஸ், பட்டர் பிஸ்கட், கேக்கின் மேல் க்ரீம், பரோட்டா, தீபாவளிக்கு மொத்தமாகச் செய்யும் இனிப்புகள் – இவை வெளியில் வாங்குபவை. அங்கே எந்த டின் திறக்கப்படுகிறது என்பதை விலையும் பதமும் தீர்மானிக்கின்றன. சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்துவிட்டது, நல்ல சட்டமும்கூட. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2011-இல் வைத்த 10 சதவிகித வரம்பை 5 ஆகவும், 2021-இல் 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் இறக்கியது. டென்மார்க்கின் அளவு அது. எண்ணெய்க்கு மட்டுமின்றி, அதைச் சேர்த்துச் செய்த உணவுக்கும் அது பொருந்தும். ஆணையம் நாடு முழுக்க 6,245 மாதிரிகளைச் சோதித்தபோது, 3 சதவிகிதத்தைத் தாண்டியவை 84 மட்டுமே. விதியை இறக்கினால் தொழில் மாறும் என்பதற்கு இது வலுவான சாட்சி. நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 6,245-ம் பாக்கெட்டில் அடைத்த உணவுகள். லேபிள் ஒட்டி, முகவரி அச்சிட்டு, பெரிய கடைகளில் விற்பவை. பொட்டலத்தில் மடித்துத் தரும் பாதுஷா அந்தக் கணக்கில் இல்லை. லேபிளே இல்லாத உணவைப் பற்றி 'லேபிளைப் படியுங்கள்' என்று மக்களுக்கு அறிவுரை சொல்வதில் என்ன பொருள்?

லேபிள் இருந்தாலும் அதன் பலம் கொஞ்சம்தான். அமெரிக்காவில் ஒரு வேளைப் பரிமாறலில் அரை கிராமுக்குக் கீழே இருந்தால் டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யம் என்று அச்சிடலாம். அப்படிப்பட்ட ஐந்து 'பூஜ்யங்களை' ஒரே நாளில் சாப்பிட்டால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2.2 கிராம் உச்சத்தை ஏறக்குறைய எட்டிவிடலாம். 2006-இல் அங்கே லேபிள் கட்டாயமானது. அது போதவில்லை என்பதால்தான் கும்மரோ 2009-இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு மனுப் போட்டார். பதில் வராததால் 2013-இல், நூறு வயதை நெருங்கும்போது, வழக்கே தொடுத்தார். 2015-இல் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கருத முடியாது என அந்த நிர்வாகம் அறிவித்தது. 1957-இலிருந்து 58 ஆண்டுகள். கனடாவும் தாய்லாந்தும் அத்தகைய எண்ணெயையே உணவில் தடை செய்துவிட்டன. சிங்கப்பூர் 2021 ஜூனில் தடை செய்தது. இந்தியா எண்ணெயைத் தடை செய்யாமல் அளவை வரையறுத்திருக்கிறது. 2 சதவிகித வரம்பு ஒழுங்காக நடந்தால் இரண்டும் ஒன்றுதான். ஒழுங்காக நடக்க வேண்டுமானால் சின்னக் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தாக வேண்டும். தடை என்றால் ஆலை வாசலில் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான அடுப்படிகளைக் கண்காணிப்பதைவிடச் சில ஆலைகளைக் கண்காணிப்பது அரசுக்கும் எளிது, கடைக்காரருக்கும் நியாயம். எந்த டின்னை வாங்கினாலும் அது சரியான டின்னாக இருக்கும் என்ற உறுதியைச் சிறிய இனிப்புக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியது அரசின் வேலை.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது தனிப் பிரச்சினை. வறுக்கும்போதும் கொஞ்சம் டிரான்ஸ் உண்டாகும் என்றாலும், ஹைட்ரஜன் ஏற்றுவதோடு ஒப்பிட்டால் அது சிறிது. அங்கே பெரிய கேடு எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள். அவை 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது. அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

அதுவரை ஒன்று செய்யலாம். பண்டிகைக்குக் கிலோ கணக்கில் இனிப்போ பலகாரமோ சொல்லும்போது, எந்தக் கொழுப்பில் செய்கிறீர்கள், டின்னைக் காட்ட முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சரியில்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

(தொடரும்)