படுத்தும் போகும், எழுந்தும் போகும் லிஃப்ட்

மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழும்பிய துறைமுக நகரம், இத்தாலியின் ஜெனோவா. மிலானிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். விமானத்தில் வந்தால், கடலைத் தூர்த்து அமைத்த ஓடுபாதையில் இறங்கலாம். சார்டினியா, சிசிலியிலிருந்து கப்பலும் உண்டு.

ஊருக்குள் சுற்றுவதுதான் அருமையான அனுபவம். பஸ், மெட்ரோ போலவே இங்கே பொது லிஃப்டும் அன்றாடப் போக்குவரத்து. பிரின்சிபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பால்பி தெருவில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. ஏறியதும் மேலே போகாது. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் 200 மீட்டருக்கும் மேல் ஓடும். பிறகு அதே பெட்டி, ஆட்களோடு அப்படியே செங்குத்தாக உயரும். கதவு திறந்தால் ஆல்பெர்டிஸ் கோட்டை, இப்போது அருங்காட்சியகம். செங்குத்தான ஊரில் முதியவர்களையும் மேலே சேர்க்கும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. இன்னும் உயரே போக, செக்கா சதுக்கத்திலிருந்து ரிகி குன்றுக்குக் கம்பிவட ரயில் இருக்கிறது.