சுருங்காத பார்டர்: கணினியில் வரையத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் அரைக்கும் சாம்பார் பொடிக்கு என் தங்கை ஒரு லேபிள் வரைந்தாள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அவளுடைய முதல் வேலை. 9 செ.மீ. அகலத்தில் வரைந்து, சுற்றிலும் 2 மி.மீ. பார்டர் கட்டினாள். பிறகு சின்னப் பாக்கெட்டுக்காக அதையே 3 செ.மீ. ஆகச் சுருக்கினாள். எழுத்து சுருங்கியது, படம் சுருங்கியது. பார்டர் மட்டும் அதே 2 மி.மீ.யில் நின்றது. அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. அச்சாகி வந்த 500 ஸ்டிக்கரிலும் கறுப்புச் சட்டம் எழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. “எனக்கு இதெல்லாம் வராதுக்கா” என்று லேப்டாப்பை மூடிவைத்தாள். போன காசைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது. அவள் வரைந்ததில் பிழையே இல்லை.

கோலம் போடும்போது விரல் போகிற வழியும் விழுகிற மாவும் ஒன்றுதான். இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் இரண்டும் தனித்தனி. நீங்கள் வரைவது பாதை. அதற்கு அகலமே கிடையாது. அதன்மேல் நிறமும் தடிமனும் கொடுத்துப் பூசுவதுதான் ஸ்ட்ரோக். கோடு எதிர்பாராத விதமாக மாறினால், பெரும்பாலும் பாதை சரியாக இருக்கும், பூச்சின் அமைப்புதான் மாறியிருக்கும். இங்க்ஸ்கேப்பின் வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடுக்குப் போய் அவுட்லைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூச்செல்லாம் மறைந்து வெறும் பாதை தெரியும். அது நீங்கள் நினைத்தபடி இருந்தால் படத்தை அழித்து மறுபடி வரைய வேண்டியதில்லை.

தங்கைக்கு நேர்ந்ததன் காரணம் ஒரே ஒரு டிக். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் பிஹேவியர், அதற்குள் டிரான்ஸ்ஃபார்ம்ஸ். அங்கே ‘ஸ்கேல் ஸ்ட்ரோக் விட்த்’ என்று இருக்கும். டிக் இருந்தால் படத்தோடு கோடும் சுருங்கும். இல்லாவிட்டால் தடிமன் அசையாது. ஏற்கெனவே சுருக்கியதை இந்த டிக் திருத்தாது. அன்டூ செய்துவிட்டு மறுபடி சுருக்குங்கள், அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தி ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் தடிமனைக் கையால் மாற்றுங்கள். கோரல்டிரா என்ற மென்பொருளில் எஃப்12 அழுத்தினால் வரும் அவுட்லைன் பென் பெட்டியிலும் இதே வேலைக்கு ஒரு டிக் உண்டு.

தமிழ் எழுத்துக்குப் பார்டர் கட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோக் பாதையின் இருபுறமும் பாதிப் பாதியாக விழும். 2 மி.மீ. கொடுத்தால் 1 மி.மீ. எழுத்துக்குள்ளே புகுந்து, ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சின்னச் சுழிகளை அடைத்துவிடும். இதற்காக எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையின் ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் ‘ஆர்டர்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஸ்ட்ரோக் பின்னாலும் நிறம் முன்னாலும் வரும்படி தேர்ந்தெடுங்கள். எழுத்தின் உருவம் முழுதாக மீண்டுவிடும்.

வளைகோடு போட்டால் கறுப்புத் திட்டு வருகிறதா? ஃபில் தாவலில் எக்ஸ் குறியை அழுத்தி நிறத்தை எடுத்துவிடுங்கள். கோடு ஒரு முனையில் ஊசியாகச் சிறுத்தால், பேனா அல்லது பென்சில் கருவியின் மேல்பட்டையில் ‘ஷேப்’ என்பது ‘நன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை வேறு வடிவம் தேர்ந்தெடுத்திருந்தால் அடுத்தடுத்த கோடுகளுக்கும் அதுவே தொடரும். கூர்மையான மூலை வெட்டுப்பட்டது போலத் தெரிந்தால் ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் உள்ள மைட்டர் லிமிட் எண்ணைக் கூட்டுங்கள். அது 4 ஆக இருந்தால், ஏறக்குறைய 29 டிகிரிக்கும் குறுகலான மூலைகள் மழுங்கிவிடும்.

அச்சுக்கு அனுப்பும்போது கோட்டைப் பாதையாக மாற்றிவிடுங்கள். பாத் மெனுவில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ இதைச் செய்யும். எழுத்துக்கு ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. அதன்பிறகு கடையில் வேறு மென்பொருள் இருந்தாலும், உங்கள் எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் உருவம் மாறாது. மாற்றிய பிறகு தடிமனைத் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். 0.25 பாயின்டைவிட மெல்லிய கோடு திரையில் பளிச்சென்று தெரிந்தாலும் தாளில் விட்டுவிட்டு விழலாம்.

வரைவது சரியாக வரவில்லை என்றதும் ‘விலையுள்ள மென்பொருளின் கிராக் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது வருவார்கள். ஏற்காதீர்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். கூடவே வைரஸும் வரலாம். இங்க்ஸ்கேப் ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது. அதில் வரைந்ததை நீங்கள் தாராளமாக விற்கலாம். ஆனால் அந்த உரிமம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. கோடு தடித்ததற்கு அதை உருவாக்கியவர்களிடம் இழப்பீடு கேட்க வழியில்லை.

அச்சகத்தின் நிலை வேறு. நீங்கள் கொடுத்த கோப்பு சரியாக இருந்து, அச்சில் கோடு மாறியிருந்தால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வணிகத்துக்காக வாங்கிய சேவைக்குப் பொதுவாக இந்தச் சட்டம் பொருந்தாது. பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்பவர்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். கையில் பில், அனுப்பிய கோப்பு, ஒப்புதல் கொடுத்த மாதிரித் தாள் மூன்றும் இருக்க வேண்டும். தவறான மாதிரிக்கு நீங்களே சரி சொல்லியிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். ஆகவே மாதிரியை உண்மை அளவில் தாளில் கேட்டு வாங்குங்கள்.

தங்கையின் புகாருக்கு இடமில்லை. கோப்பிலேயே பார்டர் தடித்துத்தான் இருந்தது. அந்த டிக்கைக் காட்டிக்கொடுத்தேன். அன்றிரவே பார்டரை 0.7 மி.மீ. ஆக்கி, ஒரே ஒரு ஸ்டிக்கர் மட்டும் அச்சிட்டு வாங்கிவந்து பாக்கெட்டில் ஒட்டிப் பார்த்தாள்.