ஊசி வரும்வரை தாங்கினால் போதும்

அமெரிக்காவில் க்வில்ட் எனும் அடுக்குத் துணிப் போர்வை தைப்பவர்கள் போகும் துணிக்கடைகளில், தேய்ப்புப் பெட்டியின் சூட்டில் துணியோடு துணியை ஒட்டும் ‘ஹீட்என்பாண்ட்’ என்ற ஒட்டுத்தாள் கிடைக்கிறது. அதில் ‘லைட்’ என்று ஒரு வகை, ‘அல்ட்ராஹோல்ட்’ என்று ஒரு வகை. புதிதாக வாங்குகிறவரின் கை இரண்டாவதை நோக்கித்தான் போகும். பசை என்றால் பலமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அல்ட்ராஹோல்ட் தைக்காமலே விடும் வேலைகளுக்கென்று செய்யப்பட்டது. அதன்மேல் தையல் போடாதீர்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பூ, இலை, பறவை என்று வெட்டிய துண்டை இன்னொரு துணியின்மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைப்பதுதான் அப்ளிக். அந்த வேலைக்குக் கடையிலேயே பலமான பசைதான் பொருந்தாத பசை.

காரணம் ஊசியில் இருக்கிறது. துணியைக் குத்திக் குத்தி எடுக்கும் ஊசி உராய்வால் சூடாகும். நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடும் ஆலை எந்திரங்களில் ஊசியின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டிவிடும். வீட்டு எந்திரம் அவ்வளவு வேகமில்லை. ஆனாலும் இரண்டு துணிக்கும் நடுவே தடித்த பசைப்படலம் இருந்தால், ஊசி அதைத் துளைத்து வெளியே வரும்போது பசையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஊசிக்காது பிசுபிசுக்கிறது, நூல் அறுகிறது, தையல் விட்டுப்போகிறது.

வெப்பத்தில் உருகி, ஆறினால் மறுபடி இறுகும் பிளாஸ்டிக்தான் இந்தப் பசைகள் எல்லாம். துணிகளுக்கான பசைகளில் நைலான் குடும்பத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1935-இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய நைலான், 260 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதன் உறவான நைலான்-6 உருகவே 220 டிகிரி வேண்டும். சட்டையின் கழுத்துப்பட்டிச் சீட்டில் தேய்ப்புப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் சுமார் 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி சுமார் 150, மூன்று புள்ளி சுமார் 200 என்று கணக்கு. ஆக, மூன்று புள்ளிச் சூட்டிலும் அசல் நைலான் உருகாது.

வேதியியலாளர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். வெவ்வேறு நைலான்களின் மூலப்பொருட்களைக் கலந்து ஒரே சங்கிலியாகக் கோத்தார்கள். ஒரே அளவுத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக அடங்கும், பல அளவுத் தட்டுகளைக் கலந்து அடுக்கினால் அடுக்கு ஆடும் அல்லவா? அப்படித்தான் இந்தச் சங்கிலிகளும் நெருங்கி அடுக்க முடியாமல் தளர்ந்து, 100 முதல் 130 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுகின்றன. உருகியது பருத்தி இழைகளுக்குள் கசிந்து, ஆறும்போது அங்கேயே பிடித்துக்கொள்கிறது.

சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்துதான் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. ‘வொண்டர்-அண்டர்’ என்ற ஒட்டுவலைக்கு ஈரத்துணி போட்டு 10 முதல் 15 வினாடி அழுத்தச் சொல்கிறார்கள். ஹீட்என்பாண்டுக்கோ ஆவியே கூடாது, சில வினாடி போதும். ஒன்றின் முறையை மற்றதற்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பசையைத் திட்டுகிறவர்கள் நிறைய. ஈரத்துணிக்குத் தனி வேலை இருக்கிறது. ஒரு கிலோ நீராவி மறுபடி தண்ணீராகும்போது சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. அது துணியின் உட்பக்கம் வரை போய்ச் சேர்கிறது. நைலான் வகைப் பசையை ஈரம் கொஞ்சம் இளக்கவும் செய்யும்.

இன்னும் நாலு வினாடி அழுத்தினால் இன்னும் பலமாக ஒட்டும் என்ற நினைப்புதான் பெரும்பாலான வேலைகளைக் கெடுக்கிறது. அளவுக்கு மீறிச் சூடான பசை நீர்த்து, முழுக்கத் துணிக்குள் இறங்கிவிடும். இரண்டு துணியும் சந்திக்கும் இடத்தில் பசையே மிஞ்சாது. இஸ்திரி போடுவதுபோல் பெட்டியை இழுக்கவும் கூடாது. தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

பசையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். முழுப் படலமாக இருந்தால் போர்வை அட்டைபோல் விறைக்கும். ‘மிஸ்டிஃபியூஸ்’ போன்றவை வெறும் சிலந்திவலை. இடைவெளிகள் வழியே ஊசி சுலபமாகப் போகும், துணியும் துவளும். நம் தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருப்பதும் இதே உத்தி. பசை அங்கே புள்ளி புள்ளியாக இருக்கிறது. ‘ஸ்டீம்-எ-சீம் 2’ சூடு படுவதற்கு முன்பே லேசாக ஒட்டும், பிடிக்காவிட்டால் எடுத்து இடம் மாற்றி வைக்கலாம். பெரிய பூவாக இருந்தால் அனுபவசாலிகள் ஒட்டுத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விடுகிறார்கள். தையல் விழப்போவது அங்கேதானே! தாளில் வரைந்த உருவம் துணியில் இடவலம் மாறி வரும் என்பதை மறந்தால் எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்து நிற்கும்.

ஒட்டிவிட்டுத் தைப்பது பழைய வழக்கம். சோழமண்டலக் கரையில் சாயமிட்டு, மசூலிப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிகளுக்கு 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும் மவுசு. உள்ளூர் நெசவாளர்களைக் காக்க 1686-இல் பிரான்சும், பிறகு இங்கிலாந்தும் இறக்குமதியைத் தடைசெய்யும் அளவுக்கு மவுசு. விலை கூடிய துணியை வீணாக்காமல் பூவையும் பறவையையும் தனித்தனியாகக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்தார்கள். ‘ப்ரோதெரி பெர்ஸ்’ என்ற அந்த வேலைக்கு, மாவுப் பசையால் ஒட்டிவிட்டு ஓரம் தைக்கும் வழக்கமும் இருந்தது. மாவுப் பசை தண்ணீரில் கரையும், பூச்சியையும் அழைக்கும். ஆனால் தைத்து முடிக்கும்வரை துண்டு நகராமல் பிடித்திருந்தால் அதன் கடமை முடிந்தது.

பசையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு எய்ட்ஸ் நினைவு க்வில்ட் பெரிய சாட்சி. நோயில் இறந்தவர்களுக்காக உறவினரும் நண்பர்களும் 3 அடிக்கு 6 அடி அளவில் செய்த துண்டுகள், 1987 அக்டோபரில் வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் விரிக்கப்பட்டபோது 1,920 இருந்தன. இன்று சுமார் 50,000. மடித்து, லாரியில் ஏற்றி, ஊர் ஊராக விரித்து, மறுபடி மடிக்கப்பட்ட துணி அது. மடிப்பில் பசை விரிசல் விடும். ஆண்டுகள் போகப்போகக் காற்றுப் பட்டு மஞ்சளித்து நொறுங்கவும் கூடும். அதனால்தான் புதிதாகத் துண்டு செய்து அனுப்புகிறவர்களிடம், பெயர் எழுத்துகளைத் தைத்தே சேர்க்கும்படியும் பசை நீடித்து நிற்காது என்றும் அதன் பொறுப்பாளர்கள் சொல்கிறார்கள்.

வாங்கியவுடன் முழுப் போர்வையில் இறங்காமல், ஒரு சாண் துணியில் ஒட்டி, ஓரம் தைத்து, இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் முன்னால் துணியை அலசி, கடைக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். மணமூட்டும் மென்மையாக்கித் திரவத்தை அந்த அலசலில் ஊற்றக் கூடாது. அது இழைமேல் படிந்து பசையை விலக்கும். ஓரம் லேசாகக் கழன்றால் மறுபடி தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். உருகி இறுகும் பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு வசதி. பசை தேய்ப்புப் பெட்டியின் அடியில் ஒட்டினால் அப்படியே சூடாக வைத்து, பழைய பருத்தித் துணியில் அழுத்தித் துடைத்தால் வந்துவிடும். அலுவலகச் சட்டையைத் தேய்ப்பதற்கு முன்னால் துடைப்பது முக்கியம்.