துவக்கின் பாதி கடற்கரையில்: கண்டி அரசு குண்டும் மருந்தும் தேடிய விதம்

கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரியும். உண்மையில் நான்கு பொருள்கள் அதற்குள் இருக்கின்றன. வெளியே தெரியும் பித்தளைக் கோது, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே எரிமருந்து, முனையில் பறந்து செல்லும் குண்டு. தனியார் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கும் சில நாடுகளில், இலக்குச் சூட்டு வீரர்கள் சுட்ட கோதைப் பொறுக்கி வைத்து, ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, மருந்து நிரப்பித் தோட்டாவை மறுபடி ஆக்கிக்கொள்கிறார்கள். செலவு குறையும் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தானே ஆக்கலாம் என்பது இன்னொன்று.

ஆனால் அவர்களாலும் நான்கையும் செய்துகொள்ள முடிவதில்லை. கோதைத் திரும்பப் பயன்படுத்தலாம், குண்டை வார்க்கலாம். தீப்பற்றும் மூடியும் புகையில்லா மருந்தும் தொழிற்சாலையிலிருந்துதான் வரவேண்டும். அந்த இரண்டும் கடைக்கு வராவிட்டால் குண்டு வார்க்கும் திறமையால் பயனில்லை.

இந்த உண்மையைக் கண்டி அரசு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்து அறிந்திருந்தது. கண்டி நகருக்கு அருகிலுள்ள பல்லேகலவில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் தும்பறை மலைகளில் அந்த வரலாற்றின் ஒரு பாதி இருக்கிறது. மறு பாதி கடற்கரையில் இருந்தது.

துவக்கு கேட்கும் பொருள்கள்

பித்தளைக் கோது வருவதற்கு முன், சுடுபவர் ஒவ்வொரு வெடிக்கும் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குழாய்க்குள் இட வேண்டியிருந்தது. முதலில் வெடிமருந்து, பிறகு ஈயக் குண்டு, அதன்மேல் இடிகோலால் இறுக்கம். தீ வைக்கப் புகையும் திரி. பின்னாளில் கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்பும் பூட்டு.

ஆகவே துவக்கு வைத்திருக்கும் அரசுக்கு ஐந்து பொருள்கள் தேவைப்பட்டன. குழாய்க்கு இரும்பு. குண்டுக்கு ஈயம். மருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், மரக்கரி. இவற்றில் ஒன்று தீர்ந்தாலும் மற்ற நான்கும் வீண். இந்த ஐந்தில் எவை மலைநாட்டில் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கண்டியின் அரசியலில் ஒரு பகுதி தெளிவாகும்.

மலை கொடுத்தவை

இரும்பு இருந்தது. இலங்கையில் இரும்பு உருக்குவது மிகப் பழைய தொழில். சமனலவெவ பகுதியில் காற்றின் வேகத்தால் எரிந்த உலைகள் கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியிலேயே இயங்கியதை அகழாய்வு காட்டியிருக்கிறது. கண்டிக் காலத்திலும் மலையடிவாரங்களில் சிறு உலைகள் எரிந்துகொண்டிருந்தன.

அந்த இரும்பைத் துவக்காக மாற்றும் கைகளும் இருந்தன. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த துப்பாக்கியை இங்குள்ள கொல்லர்கள் விரைவாகக் கற்றுக்கொண்டு, தமக்கென ஒரு வடிவத்தையும் உருவாக்கினார்கள். சிங்களத் துவக்கின் சூட்டுப் பூட்டு குழாயின் இடப்பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம். தோளில் பதியும் கட்டைப்பகுதி இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். வெள்ளி, தந்த வேலைப்பாடு மிகுந்த இந்தத் துவக்குகளைக் கண்டு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பக்கம் வந்த பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா பிரார் வியந்து எழுதினார். யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக மலைநாட்டில் அலைந்தபோது இந்தக் கைவினைக் குடும்பங்களை நேரில் அறிந்தார். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூல் அந்த அறிவின் பயன்.

மரக்கரிக்குக் காடு இருந்தது. மிச்சம் வெடியுப்பு. அதற்குத்தான் தும்பறை மலை.

குகையிலிருந்து வந்த உப்பு

வெடிமருந்தில் எரிவது கரியும் கந்தகமும். மூடிய குழாய்க்குள் அவை எரியக் காற்று போதாது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை வெடியுப்பு தன்னுள்ளிருந்து கொடுக்கிறது. அதன் வேதியியல் பெயர் பொட்டாசியம் நைத்திரேற்று. மருந்தில் பெரும்பங்கு இதுதான். வெடியுப்பு இல்லாத கரியும் கந்தகமும் அடுப்பில் எரியுமே தவிர, துவக்கில் வெடிக்காது.

இந்த உப்பு இயற்கையில் சேர மூன்று வேண்டும்: விலங்குக் கழிவு, சுண்ணாம்புள்ள கல், மழை படாத இடம். வௌவால்கள் குடியிருக்கும் குகையில் மூன்றும் ஒன்றாக அமைகின்றன. வௌவால் எச்சத்திலுள்ள நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. கல்லிலுள்ள சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே என்றால் மழை அதைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். குகைக்குள் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. தும்பறைப் பாறைகளுக்கிடையே சுண்ணாம்புக் கற்படைகள் ஓடுகின்றன. பல்லேகலவுக்கு அடுத்த திகனையில் இன்றும் டொலமைற்று தோண்டுகிறார்கள்.

ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் தம்பி. தானும் வேதியியல் பயின்றவர். தும்பறையில் மீமுரே அருகே இருந்த வெடியுப்புக் குகைக்கு நடந்து சென்று, பாறையைச் சோதித்து, வேலை நடந்த முறையை 1821இல் வெளியான தன் நூலில் எழுதினார். நக்கிள்ஸ் என்றும் அழைக்கப்படும் இந்த மலைத்தொடரில் நைட்ரோ குகை என்று மலையேறிகள் இன்றும் அறிந்த இடம் உண்டு.

வேலையின் அடிப்படை எளியது. குகைச் சுவரிலிருந்து பெயர்த்த கல்லையும் மண்ணையும் பொடித்து நீரில் ஊறவைத்து, கரைந்த உப்பை வடித்தெடுப்பார்கள். மரச்சாம்பலிலுள்ள பொட்டாசியம் சேரும்போது சுண்ணாம்பு விலகி வெடியுப்பு உருவாகும். கொதிநீரில் வெடியுப்பு நிறையக் கரையும், ஆறிய நீரில் சிறிதளவே நிற்கும்; எனவே காய்ச்சி ஆறவிட்டால் பளிங்காகப் பிரிந்துவிடும். இதைச் செய்தவர்கள் சந்தைக்கு விற்ற வியாபாரிகள் அல்லர். அரசனுக்குச் செய்ய வேண்டிய இராஜகாரியமாக, களஞ்சியத்துக்குச் சேரவேண்டிய கடமையாகச் செய்தார்கள். சுடுபவர்களும் அப்படித்தான். துவக்கு வீரர்களுக்கு வெடிக்கார லேகம் என்றும், கால்கள் பொருத்திய கனத்த சிறு பீரங்கிகளுக்குக் கொடிதுவக்கு லேகம் என்றும் தனித்தனி நிர்வாகப் பிரிவுகள் இருந்தன. வெடியுப்புக் குகையிலிருந்து போர்முனைவரை எல்லாம் நிலமானியத்துக்குப் பதிலாகச் செய்யப்பட்ட சேவை.

மலை கொடுக்காதவை

இனி மிஞ்சுபவை ஈயமும் கந்தகமும். ஈயத் தாது தோண்டும் சுரங்கம் மலைநாட்டில் இல்லை. கந்தகம் எரிமலை நாடுகளில் மேற்பரப்பிலேயே கிடைக்கும். இலங்கையில் எரிமலையே கிடையாது. இரண்டும் கப்பலில்தான் வரவேண்டும்.

ஈயத்துக்கு மாற்றாக வேறொன்றை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். கல்லையும் இரும்புத் துண்டையும் குழாயில் போட்டுச் சுட்டதுண்டு. ஆனால் ஈயத்துக்கு மூன்று குணங்கள் ஒருசேர வாய்த்திருக்கின்றன. ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம் நிறை. சிறு குண்டிலும் பெரிய விசையைச் சுமக்கும். மென்மையானது, குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கெடுக்காது. 327 பாகை செல்சியசில் உருகிவிடும். கொல்லுலை வேண்டாம், அடுப்புத் தீயே போதும். போர்முகாமில் இரவில் குந்தியிருந்து அச்சில் ஊற்றி விடிவதற்குள் பை நிறையக் குண்டு ஆக்கிவிடலாம். ஈயம் கையில் இருந்தால், குண்டு செய்வது யாருக்கும் வரும் வேலை.

கையில் ஈயம் இருக்குமா என்பதைத் துறைமுகம் தீர்மானித்தது. புத்தளம், கொட்டியாரம், மட்டக்களப்பு என்று கடலுக்கு ஒரு வாசல் திறந்திருந்த காலத்தில் கண்டி தென்னிந்தியக் கரையோடு வாணிபம் செய்தது. 1739இல் மதுரை நாயக்கர் வழியினர் கண்டி அரியணை ஏறிய பிறகு அந்தக் கரையோடு உறவு இன்னும் நெருங்கியது. பாக்கு வெளியே போனது. உப்பும் துணியும் உள்ளே வந்தன.

1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டார்கள். நகரைப் பிடித்து வைத்திருக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் 1766 பெப்ரவரி 14இல் எழுதிய உடன்படிக்கையில் தீவின் கரை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண்டி கடலே இல்லாத நாடு. வரைபடத்தில் அந்த மாற்றம் ஒரு மெல்லிய கரைப்பட்டை மட்டுமே. துவக்குக்காரனின் கண்ணில் அது ஈயத்தையும் கந்தகத்தையும் எதிரியின் அனுமதிக்குள் வைத்த கையெழுத்து.

மழையும் மருந்தும்

பொருள்கள் எல்லாம் இருந்தாலும் வானிலை ஒன்று இருந்தது. கரிமருந்து ஈரத்தை ஈர்க்கும், நனைந்தால் எரியாது. 1630 ஓகஸ்டில் ஊவாவின் ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தன் படையோடு அழிந்தபோது, முந்திய இரவு பெய்த பெருமழையில் அவர்களது திரியும் மருந்தும் நனைந்திருந்ததாகப் போர்த்துக்கேய வரலாறுகள் சொல்கின்றன.

1803 ஜூனில் மழையால் பெருகிய மகாவலியைக் கடக்க முடியாமல் மேஜர் டேவியின் (மேலே சொன்ன மருத்துவர் அல்லர், வேறொருவர்) ஆங்கிலப் படை பல்லேகலவுக்கும் கண்டி நகருக்கும் இடையே வட்டப்புலுவைத் துறையில் சிக்கிச் சரணடைந்து, பெரும்பாலும் கொல்லப்பட்டது. காய்ச்சலும் உணவுத் தட்டுப்பாடும் அந்தப் படையை அதற்கு முன்பே பாதி அழித்திருந்தன. எவ்வளவு துவக்கு வைத்திருந்தாலும், கரையிலிருந்து பொருள் வரும் வழி அறுந்தால் ஐரோப்பியப் படையும் இந்த மலையில் தோற்கும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலை மாறியது. பிரதானிகள் அரசனைக் கைவிட்டார்கள். 1815 பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். நான்கு நாள் கழித்து, பல்லேகலவிலிருந்து தெல்தெனியா வழியாகப் போகும் மெதமகநுவரப் பக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். அவன் கடைசியாக ஒளிந்த தும்பறை, அவன் முன்னோருக்கு வெடியுப்பு கொடுத்த அதே தும்பறை.

இன்றைய தோட்டா ஏன் வேறு

1807இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். திரியும் கல்லும் மெல்ல விடைபெற்றன. பிறகு பித்தளைக் கோது எல்லாவற்றையும் ஒன்றாக மூடியது. மழைப் பிரச்சினை தீர்ந்தது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். தமிழ்நாட்டின் நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கோர்டைட் தொழிற்சாலை இந்த வகை மருந்துக்காகவே வந்தது.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி இதன் பிறகே நடைமுறைக்கு வந்தது. கரிமருந்து விட்டுச்செல்லும் அழுக்கு அதன் நகரும் உறுப்புகளை விரைவில் சிக்கவைத்துவிடும். இந்தத் துப்பாக்கியில் வெடிப்பின் பின்னுதைப்பே மேற்பகுதியைப் பின்தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. எனவே மருந்து குறைந்தால் துப்பாக்கி பாதியில் நின்றுவிடும். கூடினால் வெடித்துக் கையைச் சிதைக்கும். 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்குள் எழக்கூடிய அழுத்தத்தின் உச்ச வரம்பு வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,300 மடங்கு. இந்த அழுத்தம் தரும் வேகத்தில் மென்மையான தூய ஈயம் குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அன்திமனியும் வெள்ளீயமும் கலந்து கடினமாக்குகிறார்கள், அல்லது செம்பு உறை போர்த்துகிறார்கள். கண்ணளவில் மருந்து இட்ட காலம் முடிந்துவிட்டது.

வாசகர் அறிய வேண்டியவை

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பதையும் செய்வதையும் திருத்துவதையும் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. வெடிமருந்தை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தோட்டத்துப் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பதும் குற்றம்தான். அதன் கயிற்றில் கால் தட்டுபவர் அயல்வீட்டு மனிதராகவும் இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம்.

ஈயம் உருக்குவது சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஆபத்து. தூண்டில் குண்டுக்காகவோ பழைய பற்றரியிலிருந்தோ வீட்டில் ஈயம் காய்ச்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். அதன் தூசி உடையிலும் தரையிலும் படிந்து குழந்தையின் வாய்க்குப் போகிறது; மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல் அடுப்பிலும் சமையல் பாத்திரத்திலும் ஈயத்தை ஒருபோதும் உருக்க வேண்டாம்.

இந்தக் கதையின் பொருள்களை நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 1765இல் கண்டியிலிருந்து போய், நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பின. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கி அவற்றில் ஒன்று. மகா துவக்கு எனப்படும் இரண்டு பெருந்துவக்குகளும் உண்டு. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அந்த வேலைப்பாட்டைக் காட்டும்போது, அதற்குள் போன உப்பு எந்தக் குகையிலிருந்து வந்தது, ஈயம் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்றும் சொல்லுங்கள். திறமை மலைநாட்டில் எப்போதும் இருந்தது. அதற்கு வேண்டிய பொருளின் வழியைப் பிறர் கையில் விட்ட நாளில்தான் கண்டியின் சுதந்திரம் குறையத் தொடங்கியது. சிறிய நாடுகள் எல்லாவற்றுக்கும் இது இன்றும் பொருந்தும் பாடம்.