கர்னல் கேட்கும் முதல் கேள்வி

போன வாரம், கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கர்னலை நினைவகத்தில் இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். இனி எல்லாப் பொறுப்பும் கர்னலுடையது. கண் விழித்ததும் அது டிஸ்க்கைத் தேடுவதில்லை, திரையில் படம் காட்டுவதும் இல்லை. தான் வந்து இறங்கியிருக்கும் பிராசசர் எப்படிப்பட்டது, அதற்கு என்னென்ன தெரியும் என்று விசாரிக்கிறது.

மேலே மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த விசாரணையைக் கவனிப்பதே இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ அலுவலகம் நடக்கிறது. ஸோஹோ டெஸ்க் அங்கே வளர்ந்த மென்பொருள்தான். உலாவியில் ஓடும் அப்படிப்பட்ட மென்பொருளை எழுதுகிறவருக்கு, பயன்படுத்துபவரின் கணினியில் இருப்பது இன்டெலா ஏஎம்டியா என்ற கவலை வருவதே இல்லை. அந்தக் கவலையை அடியில் கர்னல் ஏற்கெனவே பட்டு முடித்திருக்கும்.

கர்னல் விசாரிப்பது எப்படி? 1993-ல் இன்டெலின் பென்டியத்தோடு சிபியுஐடி என்ற ஆணை வந்தது. பூஜ்யத்தைக் கொடுத்து அந்த ஆணையை ஓட்டினால், பிராசசர் தன்னைச் செய்தவர் பெயரைப் பன்னிரண்டு எழுத்தில் சொல்லும். ஒன்றைக் கொடுத்தால் தனக்குத் தெரிந்த வித்தைகளை பிட் பிட்டாக வரிசைப்படுத்தும்: பிட் 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. அதற்கு முந்தைய பழைய சில்லுகளுக்கு இந்த ஆணையே தெரியாது. ஆகவே கேட்பதற்கு முன்னால், பிராசசரின் கொடிப் பதிவகத்தின் (flags register) 21-ஆம் பிட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். மாறினால் கேட்கலாம். மாறாவிட்டால் பழைய ஆசாமி, வாயே திறக்க மாட்டார்.

தேவையான ஒன்று இல்லையென்றால் கர்னல் அங்கேயே நின்றுவிடும். 64 பிட் லினக்ஸை 32 பிட் கணினியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு மேலே நகராது. குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸார் குளிக்க விடுவதில்லை. அத்தனை தூரம் வந்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நடுக்குளியலில் கல் உருண்டு வருவதைவிட வாசலில் தடுப்பது மேல். இல்லாத ஆணையை நடு வேலையில் ஓட்டினால் கணினி அப்படியே விழும், எழுதிக்கொண்டிருந்த கோப்பும் சேர்ந்து போகும்.

சரி, பிராசசர் சொல்வதை அப்படியே நம்பலாமா? 1994-ல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தன் பென்டியம் வகுத்தலில் தவறுவதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சில்லு 1.33373 என்றது. தேவை என்று நிரூபிப்பவர்களுக்கே மாற்றித் தருவோம் என்று முதலில் முறுக்கிக்கொண்ட இன்டெல், டிசம்பர் 20 அன்று இறங்கிவந்து, கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. செலவு 47.5 கோடி டாலர். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். லினக்ஸ் கர்னலின் 32 பிட் பகுதியில் அதே இரண்டு எண்கள் இன்றும் இருக்கின்றன. பூட் ஆகும்போது ஒன்றை மற்றொன்றால் வகுத்து, திரும்பப் பெருக்கி, மிச்சம் வருகிறதா என்று பார்க்கிறது. வகுக்கத் தெரியுமா என்று கேட்டு நிறுத்தாமல், வகுக்கவே சொல்லிவிடுகிறது.

இன்னொரு கூத்து 2019-ல். தற்செயல் எண் தரும் ஆணை உண்டு என்று ஏஎம்டியின் புதிய ரைசன் சில்லுகள் அறிவித்தன. ஆனால் எத்தனை முறை கேட்டாலும் ஒரே எண்ணையே கொடுத்தன. சில லினக்ஸ் வகைகள் பூட் ஆகாமல் திணறின. இதற்கு நேர்மாறானவை இன்டெலின் பென்டியம் எம் சில்லுகளில் பல. பிஏஇ என்ற நினைவக வசதி உள்ளே வேலை செய்யும், ஆனால் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளாது. பிறகு லினக்ஸில் இதற்கென்றே ஒரு பூட் விருப்பம் சேர்த்தார்கள்: இருப்பதாக வைத்துக்கொண்டு ஓட்டு, விளைவுக்கு நீயே பொறுப்பு!

விசாரணை முடிந்ததும் லினக்ஸ் கர்னல் தன்னையே திருத்திக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நினைவகத்தில் நகலெடுப்பது போன்ற வேலைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் அதன் கையிலிருக்கும். பிராசசருக்கு எது பொருந்துமோ அந்த ஆணைகளைத் தன் நிரலுக்குள்ளேயே எழுதிக்கொண்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு முறையும் ‘இது உண்டா’ என்று யோசிக்க வேண்டியதில்லை.

ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசசர் வகையில் நடைமுறை வேறு. 2018-ல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழு செய்த, அந்த வகையைச் சேர்ந்த சக்தி பிராசசரில் லினக்ஸ் ஓடியது. இந்த வகையில் சிபியுஐடி போன்ற ஆணை கிடையாது. பிராசசருக்கு என்னென்ன தெரியும் என்பதைப் பெரும்பாலும் சுற்றுப்பலகை செய்தவர் எழுதித் தரும் சாதன மரம் என்ற பட்டியலிலிருந்தே கர்னல் படித்துக்கொள்கிறது. பட்டியல் தவறானால் கர்னலும் தவறும்.

இப்போது நம் வீட்டுக் கதை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ‘உன் கணினிக்கு ஆகாது’ என்று சொன்னால் அதில் இரண்டு வகை உண்டு. கோர் 2 டுவோவில் பாப்கவுண்ட் என்ற ஆணை இல்லை. 2024-ன் 24எச்2 பதிப்புக்கு அது கட்டாயம். இது உண்மையான ‘இல்லை’. இன்டெல் ஆறாம் தலைமுறைச் சில்லில் அந்த ஆணை இருக்கிறது. ஆனாலும் நிறுவும் நிரல் மறுக்கிறது, ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அதற்கு இடமில்லை. பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள். இருக்கட்டும், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது நிறுவனத்தின் முடிவு, பிராசசரின் இயலாமை அல்ல.

ஆகவே, பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு பென் டிரைவில் 64 பிட் லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே பூட் செய்து பாருங்கள். ஓடினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஓடாவிட்டால், எது குறைகிறது என்று கர்னல் சொல்லும் வரியைக் குறித்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

(தொடரும்)