விரிகோண லென்ஸ் வாங்கப் போகிறீர்களா?

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மனிதனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதன் அருமை, காமிராவைக் கையில் எடுத்தவனுக்குத்தான் நன்கு விளங்கும். ஓர் அறைக்குள் நின்றால் நாம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். காமிராவோ எதிரே உள்ளதில் ஒரு பகுதியை மட்டும் சட்டத்துக்குள் அடக்கிக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறது. பின்னால் நகரலாம் என்றால் முதுகில் சுவர் இடிக்கிறது!

எனக்கு இடித்தது எங்கள் பூர்வீக வீட்டுச் சுவர். பாகப்பிரிவினை முடிந்து, வைகாசியில் வீட்டை இடிப்பது என்று முடிவாகியிருந்தது. நடுமுற்றத்தையும் அதன் நான்கு மரத்தூண்களையும் ஒரே படத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அண்ணன் தந்த பழைய கேனன் காமிராவும், அதனுடன் வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸும்தான் கையில் இருந்தன. தாழ்வாரச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். இரண்டு தூண்கள் வந்தன. மற்ற இரண்டு வெளியே நின்றன.

ஏன் வரவில்லை என்பதற்கு நாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களே விடை சொல்லும். காமிராவினுள் படம் விழும் சென்சாரின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, வரும் எண்ணை நமக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால், எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பது தெரிந்துவிடும். என் காமிராவின் சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர். முன்தூண்கள் இரண்டும் எனக்கு 5 அடி தூரத்தில், ஒன்றுக்கொன்று 10 அடி இடைவெளியில் நின்றன. 18 மில்லிமீட்டரில் அடங்குவது 6 அடிக்குச் சற்று மேல். அதே இடத்திலிருந்து 10 மில்லிமீட்டரில் 11 அடி அடங்கும். ஆகவே எனக்குத் தேவை 11 மில்லிமீட்டருக்கும் குறைந்த லென்ஸ். கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் போடாமலே போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் லென்ஸின் முகப்பில் திருகிக்கொள்ளும் ஒரு கண்ணாடியைக் காட்டி, 'இதைப் போட்டால் எல்லாம் விரிந்துவிடும்' என்றார் ஒரு கடைக்காரர். விரிந்தது உண்மை. ஆனால் நடுப்பகுதி தவிர மற்றதெல்லாம் மழையில் நனைந்த கடிதம் போல் கலைந்திருந்தது. அந்தப் பணம் போனது போனதுதான்.

இன்னொரு பொறி, பழைய நூல்களில் உள்ளது. 24, 28 மில்லிமீட்டர் லென்ஸ்களை விரிகோணம் என்று அவை கூறும். அது 36 மில்லிமீட்டர் அகலப் பிலிமுக்குச் சொன்னது. நம் போன்றோர் வாங்கும் காமிராக்களின் சென்சார் சிறியது. அதில் 24 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், பிலிம் காமிராவில் 38 மில்லிமீட்டர் காட்டும் காட்சிதான் கிடைக்கும்.

இனி விலைக்கு வருவோம். கேனன் நிறுவனம் 2004இல் 10-22 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. நல்லதுதான், ஆனால் மாணவர் கைக்கு எட்டாதது. 2014இல் வந்த 10-18 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ அதில் பாதி விலைக்கு, 299 டாலருக்கு, அமெரிக்காவில் அறிமுகமானது. எதில் சிக்கனம் செய்தார்கள்? காமிராவில் பொருந்தும் வளையம் உலோகமன்று, பிளாஸ்டிக். ஒளித்துளையும் எஃப் 4.5க்கு மேல் திறக்காது. எடை 240 கிராம்தான். டோக்கினாவின் 11-16 லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும். இரவு வானத்தைப் படமெடுப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. அசையாத தூண்களுக்கு அவ்வளவு ஒளி எதற்கு? காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு விநாடி திறந்து வைத்தால் போதாதா?

நிக்கான் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2017இல் வந்த 10-20 லென்ஸ் விலை குறைந்தது, நல்லது; ஆனால் டி90, டி3000 போன்ற பழைய உடல்களில் அது குவியம் கொள்ளாது. வாங்குமுன் உங்கள் காமிராவிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். தானாகக் குவியாமல், கையால் திருப்பிக் குவிக்கும் லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். 10 மில்லிமீட்டரில் எஃப் 8 வைத்து, இரண்டேகால் அடி தூரத்தில் குவியத்தை நிறுத்திவிட்டால், ஒன்றேகால் அடியிலிருந்து அடிவானம் வரை தெளிவாகவே விழும்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. பல படங்களாக எடுத்து, ஹியூஜின் என்னும் இலவச மென்பொருளால் ஒட்டிக்கொள்ளலாம். வயல்வெளிக்கும் மலைக்கும் இது மிகப் பொருத்தம். என் முற்றத்தில் இது பலிக்கவில்லை. காமிரா சிறிது நகர்ந்தாலும் அருகிலுள்ள தூண் ஒரு பக்கமும் பின்சுவர் ஒரு பக்கமும் விலக, ஒரு தூண் இரண்டாகி நின்றது.

முடிவில் 10-18 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பழையது வாங்கும்போது, லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவில் தெளிவாக உள்ளதா என்றும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால், அந்த லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம்.

பயன்படுத்தும்போது காமிராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். தூண்களெல்லாம் உள்நோக்கிச் சரிந்துவிடும். ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். எங்கள் வகுப்புக் குழுப்படத்தில் ஓரம் நின்ற நண்பன் ஒருவன், விடுதிச் சாப்பாட்டிலேயே இவ்வளவு பருமனாகிவிட்டான் என்று வீட்டில் பாராட்டுப் பெற்றான்!

சித்திரைக் கடைசியில், காலை ஒன்பது மணி வெயில் முற்றத்தில் இறங்கிய நேரம், நான்கு தூண்களும் ஒரே படத்தில் விழுந்தன. படத்தைப் பார்த்த அப்பாயி, "நம்ம முற்றம் இம்புட்டு அகலமாவா இருந்துச்சு?" என்றார். அருகில் உள்ளதைப் பெரிதாக்கித் தொலைவில் உள்ளதைத் தள்ளிக் காட்டுவது விரிகோணத்தின் இயல்பு. அதனால் அதே லென்ஸை 18இல் வைத்து, இரண்டு தூண்களும் அப்பாயி உட்காரும் படியும் மட்டும் தெரிய இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அவர் தலைமாட்டில் வைத்திருப்பது அந்த இரண்டாவது படத்தைத்தான்.